வாரண்டி கார்டின் கதை - பாபிலோன் படகு முதல் அம்பத்தூர் சர்வீஸ் சென்டர் வரை



செமஸ்டர் தேர்வுகள் முடிந்து இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. இந்த முறை என் சொந்தப் புலம்பலில் ஆரம்பித்து அப்படியே வரலாற்றுக்குள் போகப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வருடம் அம்மா சீட்டு எடுத்த பணத்தில் எனக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தார்கள். விலை 14,500 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லா கம்பெனியும் ஒன்றுதான். பதினோராவது மாதம் திடீரென்று சார்ஜ் ஏறுவது நின்று போனது. கேபிள் மாற்றிப் பார்த்தேன், அடாப்டர் மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சரி, வாரண்டி இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று தைரியமாக எங்கள் ஏரியா சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் நம்பர் 43. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

டெக்னீஷியனுக்கு என் வயதுதான் இருக்கும். சிம் ட்ரேயை வெளியே இழுத்தார், டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். மொத்தம் பத்து செகண்ட் இருக்கும்.

"ப்ரோ, ஸ்டிக்கர் சிவப்பாயிடுச்சு. வாட்டர் டேமேஜ். வாரண்டி வராது. போர்டு மாத்தணும், 6,800 ஆகும்."

"தண்ணில விழவே இல்லைங்க."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க ப்ரோ."

அவ்வளவுதான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டு விட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "கம்பெனிக்காரனே சொல்லிட்டான்னா நாம என்னடா பண்ண முடியும்?" என்றார்கள்.

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. போன் பழுது என்பது ஒரு விஷயம். அது யாருடைய தவறால் வந்த பழுது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது வேறு விஷயம். வாக்குறுதி கொடுத்தவனே நீதிபதியாகவும் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் வாரண்டியா? நம் பி.காம். வணிகச் சட்டப் புத்தகத்தை மறுபடியும் எடுத்துப் புரட்டினேன். தேர்வுக்குப் படித்தபோது தூக்கம் வந்த பக்கங்கள் இப்போது திரில்லர் மாதிரி ஓடின :-)

ஒரு வருட வாரண்டிக்கு வயது 3,700

"ஒரு வருட வாரண்டி" என்பது ஏதோ ஜப்பான்காரனோ அமெரிக்காக்காரனோ கண்டுபிடித்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. சுமார் கி.மு. 1750-ல் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி மன்னன் கல்லில் செதுக்கி வைத்த சட்டத் தொகுப்பிலேயே அது இருக்கிறது. (அந்தக் கல் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) அதில் 235-வது விதி படகு கட்டுபவனைப் பற்றியது. ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்த படகு அதே வருடத்துக்குள் ஒழுகினால், கட்டியவன் அதைப் பிரித்து, தன் சொந்தச் செலவில் உறுதியாகத் திரும்பக் கட்டித் தர வேண்டும். பார்ட்ஸ், லேபர் இரண்டும் இலவசம். நம் வாரண்டி கார்டில் இருப்பதும் இதே தான்.

ரோமாபுரியிலும் இதே மாதிரி ஒன்று இருந்தது. சந்தையைக் கவனிக்கும் அதிகாரிகள் அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்களுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார்கள். மறைந்திருக்கும் குறையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் விற்றால் வாங்கியவன் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், ஒரு வருடத்துக்குள் விலையில் குறைப்பு கேட்கலாம். மனிதர்களையும் மாடுகளையும் ஒரே பட்டியலில் வைத்த காலம் அது, அந்தக் கொடுமை தனி. ஆனால் 'விற்றவன் பொறுப்பு' என்ற கருத்து அங்கே தெளிவாக இருக்கிறது.

நம் நாட்டிலும் இருந்தது. அர்த்தசாஸ்திரத்தில் விற்பனையை ரத்து செய்ய அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வியாபாரிகளுக்கு ஒரு இரவு, உழவர்களுக்கு மூன்று இரவு, மாடு மேய்ப்பவர்களுக்கு ஐந்து இரவு. இன்று ஆன்லைனில் வாங்கிய பொருளுக்கு 'ஏழு நாள் ரிட்டர்ன்' கொடுக்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான் போலிருக்கிறது.

வாங்குபவனே, உஷார்!

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதை இங்கிலாந்தில் தலைகீழாகிறது. 1603-ல் வந்த சாண்ட்லர் எதிர் லோபஸ் வழக்கைப் பாருங்கள். ஒரு பொற்கொல்லர் ஒரு கல்லைக் காட்டி, இது பெசோவார் கல் என்று சொல்லி 100 பவுண்டுக்கு விற்றார். பெசோவார் என்பது விலங்குகளின் வயிற்றில் உருவாகும் கல். அந்தக் காலத்தில் விஷத்தை முறிக்கும் என்று நம்பினார்கள். வாங்கியவருக்கு அது பெசோவார் இல்லை என்று தெரிந்ததும் வழக்குப் போட்டார். தீர்ப்பு என்ன தெரியுமா? "இது பெசோவார் கல்" என்று சொன்னது வெறும் பேச்சு. "இதற்கு நான் உத்தரவாதம்" என்று சொல்லியிருந்தால்தான் வழக்கு நிற்கும்!

இதுதான் 'கேவியட் எம்ப்டார்'. நாம் ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தோமே, "வாங்குபவனே எச்சரிக்கையாக இரு", அதே தான். சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து, மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கும் காலத்தில் இதில் ஓரளவு நியாயம் இருந்தது. ஆனால் தொழிற்புரட்சி வந்து பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவனுக்குத் தெரியாமல் போனபோது இந்த விதி ஆட்டம் காண ஆரம்பித்தது.

1829-ல் ஜோன்ஸ் எதிர் பிரைட் வழக்கு. கப்பலின் அடிப்பாகத்துக்கு அடிக்க வாங்கிய செப்புத் தகடு சில மாதங்களிலேயே அரித்துப் போனது. எந்த வேலைக்கு என்று தெரிந்து விற்றால், அந்த வேலைக்கு அது தகுதியாக இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் வாயால் சொல்லாமலே உள்ளே அடங்கியிருக்கிறது என்றது நீதிமன்றம். இந்த மாதிரித் தீர்ப்புகளை எல்லாம் திரட்டி 1893-ல் இங்கிலாந்தில் சரக்கு விற்பனைச் சட்டம் வந்தது. அதன் அச்சிலேயே நம் நாட்டில் 1930-ல் சரக்கு விற்பனைச் சட்டம் வந்தது. 1930 ஜூலை 1 முதல் அமல். இன்றும் அதே சட்டம்தான்.

நம் கிளாஸில் எல்லோரும் குழம்பும் 12-வது பிரிவு இங்கேதான் வருகிறது. நிபந்தனை வேறு, வாரண்டி வேறு. நிபந்தனை மீறப்பட்டால் பொருளையே வேண்டாம் என்று மறுக்கலாம். வாரண்டி மீறப்பட்டால் நஷ்டஈடு மட்டும்தான் கேட்க முடியும், பொருளை நிராகரிக்க முடியாது. அதாவது சட்டத்தின் கண்ணில் வாரண்டி என்பது இரண்டாம் தர வாக்குறுதி! கடையில் "ஒரு வருஷம் வாரண்டி இருக்கு சார்" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லின் கதை இதுதான்.

நான் கவனிக்காமல் விட்ட இன்னொரு வரி 16-வது பிரிவின் கடைசியில் இருக்கிறது. விற்பவர் வெளிப்படையாக ஒரு வாரண்டி கொடுத்துவிட்டார் என்பதற்காக, சட்டம் தானாகவே உள்ளடக்கியிருக்கும் உத்தரவாதங்கள் காணாமல் போய்விடாது, இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் தவிர. ஆனால் 62-வது பிரிவு, ஒப்பந்தம் போட்டு அந்த உரிமைகளை விலக்கவும் முடியும் என்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது என்பார்களே, அது மாதிரி.

கார்டின் பின்பக்கம்

இந்த ஓட்டையில்தான் நவீன வாரண்டி கார்டு பிறந்தது என்று தோன்றுகிறது. முன்பக்கம் "நாங்கள் தருகிறோம்" என்று பெரிய எழுத்து. பின்பக்கம் "எதெல்லாம் தரமாட்டோம்" என்று எறும்பு எழுத்து.

இதை நன்றாகக் காட்டும் வழக்கு அமெரிக்காவில் நியூஜெர்சியில் நடந்தது. 1955 மே மாதம் ஹென்னிங்சன் என்பவர் தன் மனைவிக்காக ஒரு பிளிமத் கார் வாங்கினார். பத்தே நாளில், 468 மைல் மட்டுமே ஓடிய நிலையில், ஸ்டியரிங் பழுதாகி கார் சுவரில் மோதியது. மனைவிக்குக் காயம். அப்போது அமெரிக்கக் கார் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி வாரண்டிதான் கொடுத்து வந்தன. 90 நாள் அல்லது 4,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. பழுதான பாகத்தை வாங்கியவரே செலவு செய்து தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி அதைச் சோதித்து, பழுது இருக்கிறது என்று கம்பெனிக்கே திருப்தி ஏற்பட்டால் மாற்றிக் கொடுக்கும். வேறு எந்தப் பொறுப்பும் கிடையாது.

"கம்பெனிக்குத் திருப்தி ஏற்பட்டால்" என்ற இடத்தை மறுபடியும் படியுங்கள். என் போனுக்கு டார்ச் அடித்துப் பார்த்த பத்து செகண்ட் நினைவுக்கு வந்தது.

1960-ல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. எல்லா கம்பெனியும் ஒரே காகிதத்தை நீட்டும்போது வாங்குபவனுக்குப் பேரம் பேச இடமே இல்லை, இப்படி வாங்கிய கையெழுத்தைக் காட்டிப் பொறுப்பிலிருந்து தப்பிக்க முடியாது என்றது. அடுத்து 1962 மார்ச் 15-ல் அதிபர் கென்னடி நுகர்வோரின் நான்கு உரிமைகளை அறிவித்தார். 1975-ல் வாரண்டிகளுக்கென்றே மேக்னசன்-மாஸ் சட்டம் வந்தது. "எங்கள் பாகத்தையே போட வேண்டும், எங்களிடமே பழுது பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி போச்சு" என்று பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்பது அதன் முக்கியமான அம்சம். அப்படியும் பழக்கம் போகவில்லை. 2018-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம், "இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி ரத்து" என்ற பாணியில் எழுதிய ஆறு பெரிய கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது.

இந்தியாவில் 1986

ஐ.நா. சபை 1985 ஏப்ரலில் நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அதே 1985-ல்தான் நம் சென்னையில் 'சிஏஜி' என்ற நுகர்வோர் அமைப்பு தொடங்கியது. அடுத்த வருடம் நம் நாடாளுமன்றம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. அது ஒப்புதல் பெற்ற நாள் 1986 டிசம்பர் 24. அதனால்தான் அந்த நாள் தேசிய நுகர்வோர் தினம்.

இந்தச் சட்டத்தில் எல்லோரும் நஷ்டஈடு பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது 13-வது பிரிவு. பொருளில் குறை இருக்கிறதா இல்லையா என்று சோதனை செய்யாமல் சொல்ல முடியாது என்றால், மாவட்ட மன்றம் அந்தப் பொருளின் மாதிரியை வாங்கி, சீல் வைத்து, தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். கட்டணத்தை முதலில் புகார் செய்பவர் கட்ட வேண்டும் என்பது கஷ்டம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். "பழுதா இல்லையா என்று நீயும் சொல்லாதே, நானும் சொல்ல வேண்டாம், மூன்றாவது ஆள் சொல்லட்டும்" என்று முதல் முறையாகச் சாதாரண வாடிக்கையாளருக்கு ஒரு வழி கிடைத்தது.

2019-ல் வந்த புதுச் சட்டத்திலும் (2020 ஜூலை 20 முதல் அமல்) இது 38-வது பிரிவாக அப்படியே தொடர்கிறது. கூடவே வேறு சில நல்ல மாற்றங்கள். முன்பெல்லாம் கம்பெனி எங்கே இருக்கிறதோ, அல்லது பிரச்சினை எங்கே உருவானதோ, அங்கேதான் வழக்குப் போட வேண்டும். இப்போது நாம் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்திலும், அம்பத்தூர்க்காரர்கள் (2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டோம்) சென்னையிலும் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

நம்ம ஊர் பக்கம் வந்த போன்கள்

இப்போது போனுக்கு வருவோம். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவில் இருந்து ஜோதிபாசு, டெல்லியில் இருந்த சுக்ராமுக்குப் பேசியது. சென்னையில் அந்தக் காலத்தில் ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் என்று இரண்டு கம்பெனிகள். வருகிற அழைப்புக்கும் காசு! அப்போது போன் வைத்திருந்தவர்கள் பணக்காரர்கள். எங்கள் தெருவில் எல்லாம் 2003-க்குப் பிறகுதான் செல்போன் வந்ததாக அப்பா சொல்வார். வருகிற அழைப்பு இலவசமானதும், ரிலையன்ஸ் 501 ரூபாய்த் திட்டம் கொண்டு வந்ததும், டார்ச் லைட் வைத்த நோக்கியா 1100 வந்ததும் அந்த வருடம்தான்.

நோக்கியாவுக்கும் நமக்கும் அதற்கும் மேல் ஒரு உறவு உண்டு. பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். 2005 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு, 2006-ல் அங்கே நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பேர், அதிலும் இளம்பெண்கள், அங்கே வேலை பார்த்தார்கள்.

அடுத்த வருடமே ஒரு பெரிய சோதனை வந்தது. 2007 ஆகஸ்ட் 14 அன்று நோக்கியா ஒரு அறிவிப்பு வெளியிட்டது. மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது ஷார்ட் ஆகி அதிகச் சூடாகலாம். எண்ணிக்கை 4 கோடியே 60 லட்சம்! உலகம் முழுக்கச் சுமார் நூறு சம்பவங்கள்தான் பதிவாகியிருந்தன. ஆனாலும் கேட்பவர்களுக்கு எல்லாம் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். "போன் வெடிக்கும்" என்று எஸ்எம்எஸ் பறக்க, நோக்கியா சென்டர்களில் கூட்டம் அலை மோதியது.

இதில் முக்கியமான விஷயம், பழுதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது. பேட்டரியின் பின்னால் இருக்கும் 26 எழுத்து அடையாள எண்ணைச் சொன்னால் போதும். அந்த எண் பட்டியலில் இருந்தால் புதுப் பேட்டரி. நீ வெயிலில் வைத்தாயா, கீழே போட்டாயா, தண்ணீர் பட்டதா என்ற விசாரணையே கிடையாது. தவறு தன் பக்கம் என்று கம்பெனி ஏற்றுக்கொண்டால் பரிசோதனை இவ்வளவு சுலபம்! 2016-ல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோதும் இதே தான் நடந்தது. வாடிக்கையாளர்களைக் கேள்வி கேட்காமல் போன்களைத் திரும்ப எடுத்தார்கள். பிறகு 2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்து, இரண்டு கம்பெனி பேட்டரிகளில் இரண்டு வேறு வேறு குறைகள் என்று 2017 ஜனவரியில் அறிவித்தார்கள். ஒரே ஒரு போனோடு தனியாகப் போய் நிற்கும் என்னைப் போன்றவனுக்குத்தான் பத்து செகண்ட் டார்ச்.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் பில்லும் கிடையாது, வாரண்டியும் கிடையாது என்ற 'சைனா செட்' காலம். பர்மா பஜாரில் வாங்கி, பழுதானால் ரிச்சி தெருவில் சரி செய்வார்கள். பல செட்டுகளில் ஐஎம்இஐ எண்ணே இருக்காது. பாதுகாப்புக் காரணம் சொல்லி, 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு அப்படிப்பட்ட போன்களின் இணைப்பை நிறுத்தச் சொன்னது அரசு. 199 ரூபாய் கட்டினால் முறையான எண்ணைப் பதித்துத் தரும் ஏற்பாடும் செய்தார்கள். வாரண்டியே இல்லாத போனுக்கு எண் வாங்க மக்கள் காசு கட்டிய வரலாறு நமக்கு உண்டு :-) இன்று வாரண்டி, திருட்டுப் புகார் எல்லாமே அந்த 15 இலக்க எண்ணை வைத்துத்தான் ஓடுகிறது. *#06# அழுத்தினால் வரும்.

நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கு காரணமாக இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. போன் பேட்டரிக்கு மாற்று கொடுத்தார்கள், வேலை போனவர்களுக்கு அப்படி எளிதான மாற்று எதுவும் இல்லை. 2019-ல் அந்த இடத்தை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது. அதே வருடம் அதே பகுதியில் பாக்ஸ்கான் ஐபோன் எக்ஸ்ஆர் தயாரிக்க ஆரம்பித்தது.

சிவப்பு ஸ்டிக்கர்

கடைசியாக என் வில்லன். போனுக்குள் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன வெள்ளை ஸ்டிக்கர், ஈரம் பட்டால் சிவப்பாகும். பட்டது ஒரு சொட்டா ஒரு வாளியா, எப்போது பட்டது, அதனால்தான் பழுதா என்பது எதையும் அது சொல்லாது. அமெரிக்காவில் இதை வைத்து ஐபோன், ஐபாட் வாரண்டியை மறுத்தார்கள் என்று ஆப்பிள் மீது கூட்டு வழக்குப் போட்டார்கள். டேப் தயாரித்த 3எம் நிறுவனமே காற்றில் இருக்கும் ஈரப்பதத்தாலும் நிறம் மாறலாம் என்று சொன்னதாக வழக்கில் வந்தது. 2013-ல் ஆப்பிள் தவறை ஒப்புக்கொள்ளாமலே 5 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே நனைந்து போகும் ஐப்பசி மழையில் வாழும் நமக்கு இதைவிட முக்கியமான வழக்கு உண்டா?

இந்தியாவிலும் காற்று மெல்லத் திசை மாறுகிறது. 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களை வெளியே கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்ற நிபந்தனையும் அந்த வழக்கில் கேள்விக்குள்ளானது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பர் 24-ல் அதற்கான இணையதளம் வந்தது.

சரி, என் போன் என்ன ஆச்சு?

இவ்வளவும் படித்துவிட்டு மறுபடி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "வாரண்டி மறுப்புக்கு என்ன காரணம், போர்டில் எந்த இடத்தில் ஈரம், இதை ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுங்க." அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து "ஸ்டிக்கர் நிறம் மாறியுள்ளது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். போர்டைத் திறந்து பார்த்ததாக ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஜாப் ஷீட், பில், போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்தேன். ஒன்பதாவது நாள் கம்பெனியிலிருந்து போன். வேறு ஒரு சென்டரில் கொடுக்கச் சொன்னார்கள். அங்கே பிரித்துப் பார்த்துவிட்டு, மெயின் போர்டு நன்றாக இருக்கிறது, சார்ஜிங் பின் இருக்கும் சின்ன போர்டுதான் போயிருக்கிறது என்றார்கள். வாரண்டியில் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். மொத்தம் 19 நாள்.

முதலில் என்னைத் திருப்பி அனுப்பிய அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. டோக்கன் 43 வரை பார்க்க வேண்டியவனுக்கு ஒரு போனைப் பிரித்துப் பார்க்க நேரம் எங்கே? அவன் கையில் கொடுத்திருப்பது டார்ச் மட்டும்தான். ஆனால் அந்த 6,800 ரூபாயைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால்தான் என்னவோ போல இருக்கிறது. நானே கட்டியிருப்பேன், கையில் பணம் இருந்திருந்தால்! பணம் இல்லாததால்தான் புத்தகத்தைத் திறந்தேன்.

ஹம்முராபி காலத்துப் படகுக்காரன் ஏமாற்ற முடியாததற்கு ஒரு காரணம், படகு ஒழுகுவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். போன் பழுது அப்படி இல்லை. உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் ஒரு பக்கம், தெரியாத நாம் மறு பக்கம். நடுவில் இருப்பது ஒரு காகிதம். அதனால் காகிதத்தையாவது சரியாக வாங்கி வைப்போம்.

நண்பர்களுக்கு என் அனுபவத்தில் சில:

1. போன் வாங்கியதும் பில்லையும் ஐஎம்இஐ எண்ணையும் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். பில்லில் மை அழிந்துவிடும்.
2. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் போனை நாலு பக்கமும் படம் எடுங்கள், டேட்டாவை பேக்கப் எடுங்கள்.
3. ஜாப் ஷீட் இல்லாமல் போனைக் கொடுக்காதீர்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.
4. வாரண்டி முடியும் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்த அன்றே போங்கள்.
5. பதில் சரியில்லை என்றால் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட ஆணையம்.

அம்மாவிடம் சரியான போனைக் காட்டினேன். "அப்போ கம்பெனிக்காரன் சொன்னது தப்பா?" என்று கேட்டார்கள். "சொன்னது தப்பு இல்லம்மா, பார்க்காம சொன்னதுதான் தப்பு" என்றேன். சிரித்துக்கொண்டே, "இனிமே பாத்ரூமுக்குப் போனை எடுத்துட்டுப் போகாத" என்றார்கள்.

அந்த ஸ்டிக்கர் ஏன் சிவப்பானது என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே துப்பு அதுதான் :-)

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.